மூச்சில் இல்லை குறை

மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று கொழுந்தெடுக்கும் ஒரு பெண் சொன்னால், அவளுக்கு மூன்று பதில்கள் தயாராக இருக்கின்றன. மலையில் சொன்னால் “வேலைக் கள்ளம்”. லயத்தில் சொன்னால் “வயசாகுதில்ல, அப்பிடித்தான்”. நாலெழுத்துப் படித்தவர்களிடம் சொன்னால், கொரோனாக் காலத்துக்குப் பிறகு, மூன்றாவது ஒன்று கிடைக்கிறது: “அக்கா, நீங்க மூச்சச் சரியா இழுக்கிறதில்ல. காலையில பத்து நிமிஷம் ஆழமா இழுத்து விடுங்க. உடம்புக்கு ஒட்சிசன் கூடும். களைப்பெல்லாம் போயிடும்.”

முதலாவது வசை. அது வசைதான் என்று சொல்பவருக்கும் தெரியும், கேட்பவளுக்கும் தெரியும். இரண்டாவது ஆறுதல். மூன்றாவதுதான் எனக்குக் கோபமூட்டுகிறது, ஏனென்றால் அது விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறது. வாட்ஸ்அப் குரல் பதிவிலும் கோயில் மண்டபத்து வகுப்பிலும் இதைச் சொல்கிறவர்கள் நல்ல மனிதர்கள், காசும் வாங்குவதில்லை. ஆனால் அவர்கள் சொல்லும் உடம்பு நமக்கு இருக்கும் உடம்பு அல்ல. போதாக்குறைக்கு, வசை பேசுகிறவரும் மூச்சுப் பயிற்சி சொல்லித் தருகிறவரும் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இருவரும் குறையை ஒரே இடத்தில்தான் வைக்கிறார்கள்: அவளுடைய மனசில், அவளுடைய பழக்கத்தில். அவளுடைய இரத்தத்தில் என்ன இருக்கிறது என்று இருவரில் ஒருவரும் கேட்பதில்லை.

பெல்மதுளைக்கும் பலாங்கொடைக்கும் நடுவே ஏ4 வீதியில் இருக்கிறது ஓப்பநாயக்க. களனிப் பள்ளத்தாக்கின் குறுகிய பாதை ரயில் ஒரு காலத்தில் இங்கே வந்துதான் நின்றது. இப்போது தண்டவாளமும் இல்லை, ரயிலும் இல்லை. சுற்றிவரத் தேயிலை, இறப்பர், வயலோரம் மாணிக்கக் குழிகள். நுவரெலியாக் குளிர் இங்கே கிடையாது. மழையும் புழுக்கமும் அட்டையும்தான். இந்தப் பக்கத்து மலையொன்றில் காலை பத்து மணிக்கு நின்று பார்த்தால் நான் சொல்வது கண்ணில் படும். இடுப்பில் படங்கைக் கட்டி, முதுகில் கொழுந்துப் பையோடு ஒருத்தி நிரையில் ஏறுகிறாள். பக்கத்து நிரைக்காரி நிற்காமல் ஏறிப் போகிறாள். இவள் கொஞ்ச தூரம் போனதும் ஒரு தேயிலைச் செடியின் வாதைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறாள். கழுத்து நரம்பு துடிப்பது நாலடி தள்ளி நிற்பவருக்கே தெரிகிறது. வாய் திறந்திருக்கிறது. உதடு வெளிறியிருக்கிறது. இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உட்புறம் சிவப்பாக இல்லை, தாளின் நிறத்தில் இருக்கிறது. நின்று நின்று ஏறுகிறவள் மாலையில் தராசுக்கு வரும்போது குறித்த கிலோவுக்குக் குறைவாகத்தான் கொண்டுவருவாள். அவளுக்கு அரைப்பேர், அதாவது பாதி நாட்சம்பளம்.

அவள் மூச்சு விடத் தெரியாமல் நிற்கவில்லை. நிமிடத்துக்கு முப்பது தடவைக்கு மேல் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாள். இன்னும் ஆழமாக இழு என்று அவளிடம் சொல்வதில் என்ன பொருள்?

கணக்கைப் பார்ப்போம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஒரு தடவை இழுக்கும் காற்று சுமார் 500 மில்லிலீற்றர். அதில் 150 அளவு மூச்சுக்குழாய்களிலேயே நின்றுவிடும். மிச்சம்தான் நுரையீரலின் சிற்றறைகளுக்குப் போகும். காற்றில் ஒட்சிசன் 21 வீதம். நாம் வெளியே விடும் காற்றில் இன்னும் 16 வீதம் இருக்கிறது. அதாவது இழுத்த ஒட்சிசனில் பெரும்பங்கை எடுக்காமலே திருப்பி விடுகிறோம். காற்றில் ஒட்சிசனுக்குப் பஞ்சமில்லை, சிற்றறைகளிலும் பஞ்சமில்லை. நோயில்லாத நுரையீரலைக் கடந்து போகும் இரத்தத்தில், ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினின் இடங்களில் 97, 98 வீதம் ஒட்சிசனால் நிரம்பிவிடுகிறது. பயிற்சி எதுவும் இல்லாமல், தூக்கத்தில்கூட, ஓப்பநாயக்கவிலும் கொழும்பிலும் ஒரே மாதிரி. ஆழமாக இழுத்து மிச்சமிருக்கும் இரண்டு வீதத்தையும் நிரப்பினால் என்ன கிடைக்கும்? இரத்த நீரில் கரையும் சொற்பத்தையும் சேர்த்துப் பார்த்தாலும், 100 மில்லிலீற்றர் இரத்தத்துக்கு அரை மில்லிலீற்றர் ஒட்சிசன்கூடத் தேறாது. ஆனால் அதே இரத்தத்தில் ஈமோகுளோபின் ஒரே ஒரு கிராம் கூடினால் 1.3 மில்லிலீற்றர் கூடுகிறது. பத்து நிமிடமல்ல, பத்து வருடம் மூக்கைப் பிடித்தாலும் அந்த ஒரு கிராமுக்கு ஈடாகாது.

ஒட்சிசன் மீற்றரைக் கொண்டுவந்து விரலில் மாட்டுகிறவர்களுக்கும் இதே பதில்தான். 2020, 2021இல் வீட்டுக்கு வீடு வந்த அந்தச் சின்னக் கருவி நல்ல கருவி. எத்தனையோ பேரைக் காப்பாற்றியது. ஆனால் அது காட்டுவது வீதத்தை மட்டுமே. தொழிற்சாலைக்குக் கொழுந்து ஏற்றிப்போகும் லொறிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு நிறைந்த சுமையோடு போகின்றன என்று அது சொல்லும். தோட்டத்தில் இருக்கவேண்டிய லொறிகளில் பாதிதான் இருக்கின்றன என்பதை அது சொல்லாது. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் ஈமோகுளோபின் 14 கிராம் உள்ளவளுக்கும் 98. 7 கிராம் உள்ளவளுக்கும் 98. “மெசின்ல எல்லாம் சரியா இருக்கு, உங்களுக்கு ஒண்ணுமில்ல” என்று சொல்லி அனுப்பப்படும் பெண், தனக்கு வந்திருப்பது நோயல்ல, நோஞ்சான்தனம் என்று நம்பிக்கொண்டு திரும்பிப் போகிறாள்.

14 கிராம் ஈமோகுளோபின் இருக்கும் இரத்தம் 100 மில்லிலீற்றருக்குப் பதினெட்டு மில்லிலீற்றர் அளவு ஒட்சிசன் சுமக்கும். ஓய்வில் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லீற்றர் இரத்தத்தை இறைக்கிறது. ஆக, நிமிடத்துக்கு 900 மில்லிலீற்றர் ஒட்சிசன் உடம்பெங்கும் போகிறது. சும்மா இருக்கையில் தேவை 200 முதல் 250 மட்டுமே. 7 கிராம் உள்ளவளுக்குப் போவது 450 அளவு. கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருக்கும்போது அதுவே தாராளம். அவள் சிரித்துப் பேசுவாள், நாடியும் பெரிதாக ஓடாது. “நல்லாத்தானே இருக்கிறா” என்று தோன்றும். மலையில் சுமையோடு ஏறும்போது தேவை நிமிடத்துக்கு ஒரு லீற்றரைத் தாண்டுகிறது. இரத்தத்தில் இருக்கும் ஒட்சிசனைத் தசைகள் முழுதும் உறிஞ்சிவிட முடியாது. முக்கால்வாசி எடுத்தாலே பெரிய காரியம். அப்படியானால் 14 கிராம்காரியின் இதயம் நிமிடத்துக்கு ஏழு, ஏழரை லீற்றர் இறைத்தால் போதும். 7 கிராம்காரியின் இதயம் அதே மேட்டுக்கு, அதே சுமைக்கு, பதினாலு லீற்றருக்கு மேல் இறைக்க வேண்டும். கழுத்து நரம்பு ஏன் துடிக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. பக்கத்து நிரைக்காரி சாதாரணமாக ஏறிப்போன மேட்டில் இவளுடைய இதயம் ஓட்டப்பந்தயம் ஓடியிருக்கிறது.

அப்படியும் தசைக்குப் போதாதபோது, ஒட்சிசன் இல்லாத வழியில் தசை சக்தியெடுக்கிறது. அது செலவு கூடிய வழி. ஒட்சிசன் இருந்தால் ஒரு குளுக்கோசு மூலக்கூறிலிருந்து முப்பது ஏ.ரீ.பி (சக்தி மூலக்கூறு) அளவு வரும், இல்லாவிட்டால் இரண்டுதான். மிச்சம் லக்டிக் அமிலமாகத் தேங்குகிறது. இரத்தம் அமிலப் பக்கம் சாய்ந்ததும் மூளைத்தண்டு மூச்சை விரட்டுகிறது. நம்மை மூச்சு விடச் செய்வது முக்கியமாக ஒட்சிசன் குறைவல்ல, காபனீரொட்சைட்டுதான் என்பதை ஜோன் ஸ்கொட் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905இலேயே காட்டிவிட்டார்கள். ஆகவே மேட்டில் அவள் இளைப்பது நுரையீரல் கேட்கும் கேள்வியல்ல. தொடைத் தசை அனுப்பிய முறைப்பாடு அது. முறைப்பாட்டைக் கொண்டுவந்தவனைப் பிடித்துத் திருத்தப் பார்க்கிறார்கள் நம்முடைய மூச்சுப் பயிற்சியாளர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தேவையில்லாதபோது வேகமாகவும் ஆழமாகவும் இழுத்து விட்டால் காபனீரொட்சைட்டு வெளியே போய்விடுகிறது. அது குறைந்தால் மூளைக்குப் போகும் குழாய்கள் சுருங்கும், ஈமோகுளோபினும் தன்னிடமுள்ள ஒட்சிசனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தலை கிறுகிறுக்கும், விரல் நுனி விறுவிறுக்கும். அதைத்தான் “சக்தி ஏறுது” என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள்! உண்மையில் அந்த நேரத்தில் மூளைக்குப் போகும் ஒட்சிசன் குறைந்திருக்கிறது.

மெதுவாக மூச்சு விடும் பயிற்சியால் படபடப்பு அடங்கும், மனம் ஆறும், தூக்கம் வரும். அதை நான் மறுக்கவில்லை. சத்திரசிகிச்சை முடிந்து படுத்திருப்பவரைத் தாதி ஆழமாக மூச்சு விடச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. லயத்துக் காம்பராவுக்குள் விறகுப் புகையை வருடக்கணக்காகச் சுவாசித்து நெஞ்சு கெட்டவர்கள் இருக்கிறார்கள், ஆஸ்துமாக்காரர் இருக்கிறார்கள், காசநோய் இன்னும் போய்விடவில்லை. ஆகவே மூச்சு வாங்கும் எல்லாருக்கும் இரத்தசோகை என்று நான் சொல்லவில்லை, நெஞ்சையும் ஒரு வைத்தியர் கேட்டுப் பார்க்கத்தான் வேண்டும். என் சண்டை, ‘பலம் மூச்சிலிருந்து வருகிறது’ என்ற அந்த ஒரே நம்பிக்கையோடுதான்.

அது நேற்று முளைத்த நம்பிக்கையல்ல. பிரான்சின் லவோய்சியே 1780களில் லாப்லாசோடு சேர்ந்து கினிப் பன்றியைப் பனிக்கட்டிக்குள் வைத்துச் சோதித்து, சுவாசம் என்பது மெதுவான எரிதல் என்று நிறுவினார். அந்தப் பெரிய மனிதரும் எரிதல் நடக்கும் இடம் நுரையீரல் என்றே எண்ணினார். பிறகு இரத்தத்தில்தான் எரிகிறது என்றார்கள். ஜெர்மனியில் ஃப்ளூகரின் ஆய்வுகூடத்தில் 1877இல் தவளைகளின் இரத்தத்தை எடுத்துவிட்டு உப்பு நீரை ஏற்றி, ஒட்சிசனுக்குள் வைத்துப் பார்த்தார்கள். இரத்தமே இல்லாத தவளை வழக்கம்போல ஒட்சிசனைச் செலவழித்தது. எரிதல் நடப்பது கலங்களில் என்பது அதோடு முடிவாயிற்று. நுரையீரல் ஒரு வாசல், இரத்தம் ஒரு வழி, அவ்வளவுதான். ஒன்றரை நூற்றாண்டு ஓடிய பிறகும் நம் ஊர்ப் பேச்சில் சுவாசம் இன்னும் வாசலைத் தாண்டவில்லை.

ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பிடிப்பது இரும்பைக் கொண்டுதான். கலத்துக்குள் போனால் அங்கேயும் இரும்பு. நாம் இழுத்த ஒட்சிசன் கடைசியில் போய்ச் சேரும் இடம் இழைமணி. அங்கே அதைக் கையேற்கும் நொதியில் இரும்பு இருக்கிறது. அந்தச் சுவாச நொதியைப் பற்றிய ஆய்வுக்குத்தான் ஒட்டோ வார்பர்க் 1931இல் நோபல் பரிசு பெற்றார். அதற்கு முந்திய படிகளில் உள்ள சைற்றோகுரோம் என்ற புரதங்களிலும் இரும்பு. பெரியவர் ஒருவரின் உடம்பில் மொத்த இரும்பு மூன்று, நான்கு கிராம்தான். மூன்றில் இரண்டு பங்கு ஈமோகுளோபினில் இருக்கிறது. தசையின் கலங்களுக்குக் கிடைப்பது சொற்பம், ஆனால் அது இல்லாமல் எதுவும் நடக்காது. 1976இல் அமெரிக்காவில் ஃபிஞ்ச் குழுவினர் இரும்புச்சத்துக் குறைந்த எலிகளுக்கு வேறு எலிகளின் இரத்தத்தை மாற்றி ஏற்றி, ஈமோகுளோபினைச் சரியாக்கினார்கள். எலிகள் அப்போதும் சரியாக ஓடவில்லை. இரும்பு கொடுத்த சில நாட்களில் ஓடின. இரத்தம் சரியாக இருந்தும் தசைக்குள் இரும்பு இல்லாவிட்டால் களைப்பு போகாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ‘எச்.பி கொஞ்சம்தான் குறைவு, பரவாயில்ல’ என்று ஈமோகுளோபின் அளவைத் தட்டிக்கழிக்கிறவர்கள் இந்த எலிகளை நினைத்துக்கொள்ளலாம்.

எலி எதற்கு, நம் ஆட்களையே அளந்து பார்த்திருக்கிறார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரை வைத்து எட்ஜர்டன், கார்ட்னர், ஓஹிரா, குணவர்தன, சேனவிரத்ன ஆகியோர் செய்த ஆய்வு 1979இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியாயிற்று. செய்தது எளிய வேலை. இரத்தசோகை உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு இரும்பு, இன்னொரு பகுதியினருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. முன்னும் பின்னும் தராசில் கொழுந்தை நிறுத்தார்கள். ஒரு மாதத்தில், இரும்பினால் ஈமோகுளோபின் ஏறியவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கொழுந்தெடுத்தார்கள். 6 முதல் 9 கிராம் வரை இறங்கியிருந்தவர்களிடம்தான் முன்னேற்றம் மிக அதிகம். மனசு மாறவில்லை, கங்காணி மாறவில்லை, மலை மாறவில்லை. மாறியது இரத்தம் ஒன்றுதான்.

அந்த ஆய்வில் பலரும் கண்டுகொள்ளாத இன்னொரு பகுதி இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியம். மலை வேலையை மட்டும் அவர்கள் அளக்கவில்லை. தொடர்ந்து நான்கு மணி நேரம், சிலருக்கு இருபத்துநான்கு மணி நேரம், அன்றாட வாழ்க்கையில் உடம்பு எவ்வளவு அசைகிறது என்பதையும் பதிவு செய்தார்கள். மூன்று வாரம் இரும்பு எடுத்தவர்கள் போலி மாத்திரை எடுத்தவர்களைவிடக் கூடுதலாக நடமாடினார்கள். அப்படியென்றால் அதற்கு முன் அவர்கள் நடமாட்டத்தையே குறைத்துக்கொண்டிருந்தார்கள். துரையின் மலையில் கள்ளம் பண்ணுகிறவள் தன் அடுப்படியிலும், தண்ணீர்ப் பீலியிலும், பிள்ளையைத் தூக்குவதிலுமா கள்ளம் பண்ணுவாள்? ‘வேலைக் கள்ளம்’ என்ற குற்றச்சாட்டு அந்த ஒரு பதிவிலேயே விழுந்துவிடுகிறது. ஐம்பது வருடம் ஆகப்போகிறது. பெரட்டுக் களத்தில் இன்னும் அது விழவில்லை.

இறப்பர் மலைக்காரர்கள் இதைத் தேயிலைக் கதை என்று தள்ள வேண்டாம். அதே 1979இல் இந்தோனேசிய இறப்பர் தோட்ட ஆண்களைப் பற்றி பாஸ்தா, சுகிர்மான், கார்யாதி, ஸ்கிரிம்ஷா ஆகியோர் வெளியிட்டதும் இதே முடிவுதான்: இரத்தசோகை உள்ள பால்வெட்டுகாரர் மற்றவர்களைவிடக் குறைவாகப் பால் எடுத்தார்கள், நாளுக்கு 100 மில்லிகிராம் இரும்பு, 60 நாள் கொடுத்ததும் அந்த வித்தியாசம் போயிற்று.

களைப்பைச் சோம்பல் என்று பெயரிடும் பழக்கத்துக்குத் தோட்டங்களில் நீண்ட வரலாறு உண்டு. 1916இல் ராக்ஃபெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. அதற்குச் சில வருடம் முன், அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இதே புழுவை ஸ்டைல்ஸ் என்பவர் கண்டறிந்தபோது பத்திரிகைகள் அதற்குச் ‘சோம்பேறிக் கிருமி’ என்று பெயர் வைத்துச் சிரித்தன. சிரிப்பில் ஒரு நியாயம் இருந்தது: ஒரு தலைமுறையையே சோம்பேறிகள் என்று ஏசியவர்கள், அது குடலில் இரத்தம் குடிக்கும் புழுவின் வேலை என்று ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. வெறுங்காலோடு ஈர மண்ணில் நடப்பவரின் பாதத்தோல் வழியாகப் புகும் புழு அது. சப்ரகமுவவின் மழையும் சூடும் அதற்கு வாய்ப்பான இடம். ஒரு புழு ஒரு நாளில் குடிப்பது 0.03 மில்லிலீற்றர் அளவு. இன்னொரு இனம் அதைவிடப் பல மடங்கு குடிக்கும். நூறு புழு இருந்தால் தினம் 3 மில்லிலீற்றர் இரத்தம், அதாவது ஒரு மில்லிகிராமுக்கு மேல் இரும்பு. ஒரு பெண் தன் சாப்பாட்டிலிருந்து ஒரு நாளில் உறிஞ்சுவதே ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். இதற்கு மேல் மாதவிடாயில் 30, 40 மில்லிலீற்றர். பிள்ளைத்தாய்ச்சியானால் அந்தக் காலம் முழுக்கச் சேர்த்து இன்னும் ஒரு கிராம் இரும்பு வேண்டும். வரவு செலவு எங்கே இடிக்கிறது என்று தெரிய வாத்தியார் தேவையில்லை. இன்றைக்குப் புழு மாத்திரையும் மலசலகூடமும் வந்து புழு குறைந்திருக்கிறது. வசை குறையவில்லை.

நான்காவதாக ஒரு பதிலும் உண்டு. அது சுகாதாரக் கூட்டங்களில் சொல்லப்படுவது. “இவங்களுக்கு அறிவில்ல. சாப்பாட்டோட சாயத்தண்ணி குடிச்சா இரும்பு எப்பிடிச் சேரும்?” சாயத்தண்ணீர் இரும்பைத் தடுப்பது உண்மை. தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் குடலில் இரும்பைக் கட்டிப்போடுகின்றன, மாச்சாப்பாட்டிலிருந்து சேரவேண்டிய இரும்பில் பாதிக்கு மேல் வீணாகிவிடும். சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துக் குடியுங்கள் என்று சொல்வது நல்ல புத்திமதி. ஆனால் அதிகாலையில் கோதுமை மாவு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் மட்டுமே தின்றுவிட்டு மலைக்குப் போகிறவளின் தட்டில், சாயத்தண்ணீர் தடுக்கிற அளவுக்கு இரும்பு எங்கே இருக்கிறது? மீனும் ஈரலும் இறைச்சியும் நாட்சம்பளத்தில் அடங்குமா? 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாயிற்று. கடைக்குப் போய் நெத்தலிக் கருவாட்டின் விலையைக் கேட்டுவிட்டு வந்து அறிவைப் பற்றிப் பேசலாம். 2016ஆம் ஆண்டின் அரச குடித்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நாடு முழுவதும் 17.3 வீதம், தோட்டத்துறையில் 31.7 வீதம். இந்தப் பிள்ளைகள் சாயத்தண்ணீர் குடித்தா குட்டையானார்கள்? தாயின் இரத்தத்தில் இல்லாதது பிள்ளைக்கும் இல்லாமல் போகிறது. அறிவுக்கு முன்னால் சம்பளம் நிற்கிறது.

“இத்தன வருஷமா இதே இரத்தத்தோட வேல செஞ்சாங்கதானே” என்று கேட்பவர்களும் உண்டு. செய்தார்கள். மெல்ல மெல்ல இறங்கும் இரத்தசோகைக்கு உடம்பு தன்னைப் பழக்கிக்கொள்ளும்: இதயம் கூட இறைக்கும், ஈமோகுளோபின் தசையருகே ஒட்சிசனை எளிதாக விட்டுக்கொடுக்கும்படி மாறும், தேவையில்லாத அசைவை எல்லாம் உடம்பு வெட்டிவிடும். 7 கிராமோடு ஒருத்தி மலைக்கு வருகிறாள் என்றால் 7 கிராம் போதும் என்று பொருளில்லை. அவளுடைய இதயம் இரவும் பகலும் மேலதிக வேலை பார்க்கிறது, அதற்கு அவளுக்குக் கைக்காசு கிடையாது என்றுதான் பொருள். பிரசவத்தில் கொஞ்சம் இரத்தம் கூடப் போனால் தாங்குவதற்கு அவளிடம் மிச்சம் எதுவும் இல்லை.

வாய்ப்பேச்சை விட்டுவிட்டு என்ன செய்வது? மாத்திரை கொடுக்கிறார்களே என்பார்கள். கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கிறார்கள்தான். வயிறு பிரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, கட்டிக்கொள்கிறது என்று பாதிப்பேர் சுவரிடுக்கில் செருகிவிடுகிறார்கள். கறுப்பாகப் போவது பயப்படுவதற்கில்லை என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் பலர் விழுங்கியிருப்பார்கள். தினமும் எடுப்பதைவிட ஒன்றுவிட்டொரு நாள் எடுத்தால் குடல் நன்றாக உறிஞ்சுகிறது என்று 2017இல் வெளியான சுவிஸ் ஆய்வு காட்டியிருக்கிறது. வயிற்று உபத்திரவத்துக்காக மாத்திரையை அடியோடு நிறுத்துகிறவர்கள் வைத்தியரிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம். அதேபோல, கேட்காமல் எல்லாருக்கும் இரும்பை அள்ளிக் கொடுப்பதும் பிழை. தலசீமியாக் கூறு உள்ளவர்களுக்கும் எச்.பி குறைவாகவே இருக்கும். அவர்களுக்கு இரும்பு தேவையில்லாமல் சேர்ந்தால் கேடு. அதனால்தான் முதலில் இரத்தத்தைப் பாருங்கள் என்கிறேன். ஊகத்தில் மூச்சுப் பயிற்சி சொல்வதும் ஊகத்தில் மாத்திரை கொடுப்பதும் எனக்கு ஒன்றுதான்.

ஆகவே சங்கத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை சம்பளப் பேச்சுக்குப் போகும்போது கிலோக் கணக்கோடு இந்தக் கணக்கையும் மேசையில் வையுங்கள்: கொழுந்தெடுக்கும், பால்வெட்டும் ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு ஒரு தடவை இரத்தப் பரிசோதனை. கர்ப்பிணியல்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே, கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே (நடு மூன்று மாதங்களில் 10.5க்குக் கீழே) போனால் அது இரத்தசோகை. அது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. எல்லைக்குக் கீழே இருக்கிறவளின் பேரை அரைப்பேராக வெட்டுவதற்கு முன் அவளுக்கு வைத்தியம் நடந்ததா என்று கேளுங்கள். கணக்கப்பிள்ளைமாருக்கும் மூச்சுப் பயிற்சி நண்பர்களுக்கும் சொல்வது ஒன்றே: மேட்டில் ஒருத்தி செடியைப் பிடித்துக்கொண்டு நின்றால், ஏசவும் வேண்டாம், மூச்சு இழுக்கச் சொல்லித் தரவும் வேண்டாம். உட்கார வையுங்கள். எச்.பி எவ்வளவு என்று கேளுங்கள். தெரியாது என்பாள். பலாங்கொடை ஆதார வைத்தியசாலைக்கு ஓப்பநாயக்கவிலிருந்து பஸ் இருக்கிறது, அரச வைத்தியசாலையில் அந்தப் பரிசோதனைக்குக் காசு கேட்பதில்லை. போய்வரச் செலவாவது அவளுடைய ஒரு நாள் பேர்தான். அந்தப் பேரைத் தோட்டம் போடட்டும்.